‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலில் இப்படி இருந்ததாம்: “வி ஆர் ரன்னிங் லேட். ப்ளீஸ் ரன் இட் பை தி கிளையன்ட் பிஃபோர் யூ ரன் இட்.” இரண்டே வரியில் மூன்று ‘ரன்’. “பள்ளிக்கூடத்தில் ரன் என்றால் ஓடு என்று படித்தேன். இதில் யாருமே ஓடவில்லை. அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. இவ்வளவையும் எப்படி மனப்பாடம் செய்வது?” இதுதான் கேள்வி.

மனப்பாடம் செய்ய வேண்டாம் தம்பி. செய்யவும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் இருபது தொகுதிகளாக வந்தது. அதில் அதிக இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் ‘செட்’. வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள்; அந்த விளக்கமே அறுபதாயிரம் சொற்களுக்குப் போனது. அப்புறம் மூன்றாம் பதிப்புக்காகப் பழைய பதிவுகளைத் திருத்தத் தொடங்கினார்கள். அப்போது ‘ரன்’ அதை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்தார். வினைச்சொல்லாக மட்டும் 645 பொருளைப் பிரித்து அடுக்கினார். 2011-ல் இது செய்தியாகவே வந்தது. வாழ்நாளெல்லாம் ஆங்கிலம் பேசுகிறவர்களும் இந்த 645-ஐப் பட்டியலாகத் தெரிந்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் எங்கே கேட்டாலும் அவர்களுக்குப் புரிகிறது. அது எப்படி என்பதுதான் நாம் பிடிக்க வேண்டிய நூல்.

நான் பல வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘ரன்’ வரும் வாக்கியம் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் நின்றுதான் போவேன். அப்படி நின்று நின்று எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. இந்தச் சொல்லின் பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும். அம்மாவிடம் தமிழ் கற்றபோதே கற்றுக்கொண்டீர்கள்.

நாம் ‘ஓடு’ என்ற சொல்லை எங்கெல்லாம் வைக்கிறோம் என்று ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். காலையில் மோட்டார் ஓடுது. கடிகாரம் ஓடுது. பஸ் ஓடலை, ஸ்ட்ரைக். அந்தத் தியேட்டரில் என்ன படம் ஓடுது? டிவியில் கீழே எழுத்து ஓடிக்கிட்டே இருக்கு. சுவரில் விரிசல் ஓடியிருக்கு. வேர் அடுத்த வீட்டு அஸ்திவாரம் வரைக்கும் ஓடிடுச்சு. வருஷம் எப்படி ஓடிப்போச்சு பாரு. ஏதோ பிழைப்பு ஓடுது. மனசுக்குள்ள என்ன ஓடுது? பயத்தில் எனக்கு ஒண்ணும் ஓடலை. இதில் ஒரு இடத்திலாவது கால் இருக்கிறதா? இல்லை. ஆனாலும் ஒரு குழந்தைக்குக்கூட இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றில் பெரும்பாலானவற்றை ஆங்கிலத்தில் போட்டாலும் ‘ரன்’தான் வரும். மோட்டார் இஸ் ரன்னிங். த பஸ்ஸஸ் ஆர் நாட் ரன்னிங். த ஃபிலிம் ரான் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ். எ கிராக் ரன்ஸ் அக்ராஸ் த வால். 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளி கண்டு ஓடியது என்று நாம் சொல்வதை ஆங்கிலேயரும் இதே வினையை வைத்துத்தான் சொல்வார். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள், விரிசலையும் சினிமாவையும் ஒரே வினைச்சொல்லில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

காரணம் இருக்கிறது. ‘ரன்’, ‘ஓடு’ இரண்டின் அடியிலும் இருப்பது காலின் வேகம் மட்டும் இல்லை. தடைபடாமல், இடைவிடாமல், ஒரு தடத்தில் நகர்ந்துகொண்டே இருப்பது. தண்ணீர் அப்படித்தான் நகர்கிறது. பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் மனிதன் ஓடுவதற்கும் இருந்தது, நீர் ஓடுவதற்கும் இருந்தது. அமெரிக்காவின் சில கிழக்கு மாநிலங்களில் சிற்றோடையையே ‘ரன்’ என்கிறார்கள். நாமும் ஓடுகிற நீரை ‘ஓடை’ என்றுதானே சொல்கிறோம்?

அந்த ஓடையிலிருந்து ஒரு வேடிக்கையான குழப்பமும் வரும். ஆங்கிலத்தில் ‘புல்’ என்றால் காளை. ‘புல் ரன்’ என்று படித்தால் என்ன நினைப்பீர்கள்? அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று வர்ஜீனியாவில் புல் ரன் என்ற இடத்தில் நடந்தது. அங்கே எந்தக் காளையும் ஓடவில்லை. புல் ரன் என்பது அங்கே ஓடும் ஒரு சிற்றோடையின் பெயர். ஸ்பெயினில் பம்ப்லோனா நகரத்தில் ஒவ்வொரு ஜூலை மாதமும் தெருவில் காளைகளை ஓடவிட்டு, அவற்றுக்கு முன்னால் ஆட்கள் ஓடுகிறார்கள். அது உண்மையாகவே காளை ஓட்டம். நம் வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் நடக்கும் எருது விடும் விழாவைப் பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும். பங்குச் சந்தையிலும் ஒரு ‘புல் ரன்’ உண்டு. விலை மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் காலத்துக்கு அந்தப் பெயர். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் ஒரே தொடர் ஓடையாகவும் விழாவாகவும் சந்தையாகவும் நிற்கிறது. சுற்றி என்ன பேச்சு நடக்கிறது என்று பார்க்காமல் தனிச்சொல்லாக எடுத்தால் அகராதியே கைவிட்டுவிடும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தமிழ்க்காரருக்கு ‘ரன்’ குழப்புவது ஏன் என்றால், தமிழில் இரண்டு சொல் இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறது. ஓடு, ஓட்டு. தானாக நகர்ந்தால் ஓடு. ஒருவர் நகர்த்தினால் ஓட்டு. ஆடு – ஆட்டு, கூடு – கூட்டு, உருகு – உருக்கு, திரும்பு – திருப்பு என்று நம் மொழி முழுவதும் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஒரு மெய்யெழுத்து இரட்டித்தால் போதும், யார் செய்கிறார்கள் என்பது மாறிவிடும்.

பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு சொல் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ‘ரின்னன்’ என்றால் ஓடுவது, நீர் பாய்வது. அதிலிருந்து பிறந்த ‘ஏர்னன்’ என்பது குதிரை போன்றதை ஓடச் செய்வது, ஏறி விரைவது. நாள்பட நாள்பட இரண்டும் ஒலியில் நெருங்கி ஒரே சொல்லாகக் கலந்துவிட்டன. அந்த ஏற்பாட்டின் மிச்சம் இன்னமும் ஆங்கிலத்தில் அங்கங்கே கிடக்கிறது. மரம் விழுவது ஃபால், மரத்தை வீழ்த்துவது ஃபெல். உட்காருவது சிட், உட்கார வைப்பது செட். படுப்பது லை, கிடத்துவது லே. ஆம், முன்னால் சொன்ன அந்த 430 பொருள் ‘செட்’, உண்மையில் ‘சிட்’டின் பிறவினைதான்! ‘ரன்’னில் மட்டும் அந்த வேறுபாடு அழிந்துபோய், ஒரே உருவம் இரண்டு சுமையையும் தூக்குகிறது. த டாக் ரான், நாய் ஓடியது. ஷி ரான் த கம்பெனி, அந்த அம்மா கம்பெனியை நடத்தினார்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கு அடுத்தது. நீங்கள் அலுவலகத்தில் தினமும் என்ன சொல்கிறீர்கள்? “ஸ்கிரிப்ட் ரன் ஆகுது.” “இரு, நான் ரன் பண்றேன்.” கவனித்தீர்களா? ஆங்கிலம் தொலைத்த அந்த வேறுபாட்டை, ‘ஆகு’, ‘பண்ணு’ என்ற இரண்டு சின்ன வினைகளை ஒட்டவைத்து, தமிழ் பேசுகிறவர்கள் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லைக் கடன் வாங்கினாலும் இலக்கணம் நம்முடையதாகவே இருக்கிறது. தமிங்கிலம் என்று இதைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்குத் திட்ட மனசு வருவதில்லை. இதற்குள் தமிழ் எவ்வளவு உறுதியாக வேலை செய்கிறது என்றுதான் தோன்றும்.

ஆகவே ‘ரன்’ வந்தவுடன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இங்கே ரன் ஆகுதா, ரன் பண்றாங்களா? உங்கள் மின்னஞ்சலின் கடைசி ‘ரன் இட்’ இந்தக் கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும். அதை ஓட்டு, அதாவது அந்த நிரலை இயக்கு. ‘பிஃபோர் யூ ரன் இட்’ என்றால் ‘நீ அதை ரன் பண்றதுக்கு முன்னாடி’. மற்ற இரண்டையும் பிறகு பார்க்கலாம்.

இந்த ‘ஓட்டு’ எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம்மிடமே ஒரு பெரிய சான்று உண்டு. வ.உ. சிதம்பரனாரைக் கப்பலோட்டிய தமிழன் என்கிறோம். அவர் சுக்கான் பிடித்துக் கப்பலைச் செலுத்தியவர் இல்லை. 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர். அந்த ‘ஓட்டிய’ என்பதில் பங்கு திரட்டியது, கப்பல் வாங்கியது, ஆங்கிலேயக் கம்பெனியோடு போட்டி போட்டது எல்லாம் அடக்கம். ஆங்கிலத்தில் ‘ரன் எ பிசினஸ்’, ‘ரன் எ ஷிப்பிங் லைன்’ என்று சொல்லும்போது வரும் பொருள் அப்படியே இதுதான். இனி ‘ரன் எ ஹோட்டல்’ என்று படித்தால் கப்பலோட்டிய தமிழனை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

கடலில் போவதும் நிலத்தில் போவதும் ‘ஓடு’தான் என்பது நமக்குப் பழைய வழக்கம். ‘கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து’ என்பது 496-ஆம் குறள். சக்கரம் உறுதியான பெரிய தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் கப்பல் நிலத்தில் ஓடாது. ஏழே சீர் பாட்டில் மூன்று ‘ஓடு’. ஒன்றுக்கும் கால் கிடையாது.

ஆங்கிலத்தில் ‘ரன்’ இவ்வளவு பெருத்ததற்கு இயந்திரங்கள் பெரிய காரணம். நீராவி எஞ்சின், நூற்பாலை, ரயில், அப்புறம் மின்சாரம், கடைசியில் கணினி என்று ஒவ்வொன்று வரும்போதும் அது வேலை செய்வதைச் சொல்ல ஒரு வினை வேண்டியிருந்தது. புதிதாக ஒன்றை உருவாக்காமல் கைக்கு எட்டின ‘ரன்’னையே எடுத்துப் போட்டார்கள். நாமும் அதையேதான் செய்தோம். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியது என்று எழுதும்போது, அது என்ன புதுப்பொருள் என்று யாரும் நிற்பதில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி இணை கிடைத்துவிடாது. கிடைக்காத இடங்கள்தான் மொழிபெயர்ப்பில் காலை வாரிவிடும்.

ஆங்கிலேயர் ஓடும் இடத்தில் நாம் பல நேரம் நடக்கிறோம். அவர்கள் பள்ளிக்கூடத்தை ரன் பண்ணுகிறார்கள், நாம் பள்ளிக்கூடம் நடத்துகிறோம். கடை நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம், அரசாங்கம் நடத்துகிறோம். ‘நட’ என்பதன் பிறவினை ‘நடத்து’. ‘வியாபாரம் எப்படி நடக்குது?’ என்று கேட்டால் நிதானமான பதில் வரும். ‘எப்படி ஓடுது?’ என்று கேட்டால் ‘ஏதோ ஓடுது’ என்று கொஞ்சம் இழுத்துப் பிடித்த குரலில் வரும். அந்த நுட்பம் ஆங்கில ‘ரன்’னில் இல்லை. அதனால் ‘ஹி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்பதை ‘பள்ளி ஓட்டுகிறார்’ என்று எழுதினால், கஷ்டத்தில் தள்ளிக்கொண்டு போகிறார் என்ற வாடை வந்துவிடும். நடத்துகிறார் என்றே எழுத வேண்டும்.

சில இடத்தில் நாம் நிற்கிறோம். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் ‘ரன்’ பண்ணுவார். பிரிட்டனில் அதே வேலைக்கு ‘ஸ்டாண்ட்’ என்பார்கள். நாமும் ‘எலெக்‌ஷன்ல நிக்கிறார்’ என்றுதான் சொல்கிறோம். 2020-ல் கமலா ஹாரிஸ், ஜோ பைடனின் ‘ரன்னிங் மேட்’ ஆனபோது, அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோவிலில் பூஜை போட்டார்கள். நம் பத்திரிகைகள் ‘துணை அதிபர் வேட்பாளர்’ என்று எழுதின. அதுதான் சரி. ரன்னிங் மேட் என்பது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஒரே லாயத்தின் இரண்டு குதிரைகளில், முக்கியக் குதிரைக்கு வேகம் அமைத்துக் கொடுக்க இறக்கும் கூட்டுக் குதிரை. ‘கூட ஓடுபவர்’ என்று தமிழில் எழுதினால் அந்தப் படமும் வராது, பதவியும் புரியாது.

வேறு சில இடத்தில் நாம் விடுகிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போக ‘ஸ்பெஷல் பஸ் விட்டிருக்காங்க’. ஆங்கிலத்தில் அது ‘ரன்னிங் ஸ்பெஷல் பஸ்ஸஸ்’. எருது விடும் விழாவில் வருவதும் இந்த ‘விடு’தான்.

உடம்பு விஷயத்தில் ஒன்றுகூடப் பொருந்தாது. ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது. ‘ரன்னி நோஸ்’ என்றால் மூக்கு ஒழுகுகிறது. ‘த ரன்ஸ்’ என்றால் வயிற்றால் போகிறது. ஒரு முறை ஒரு சுகாதாரக் கையேட்டின் தமிழ் வடிவத்தைத் திருத்தக் கொடுத்தார்கள். ‘ஓடும் தண்ணீரில் கைகளைக் கழுவவும்’ என்று இருந்தது. மூலத்தில் ‘ரன்னிங் வாட்டர்’. எழுதியவர் தவறாக எழுதவில்லை, சொல் சரிதான். ஆனால் படிக்கிற ஒரு பாட்டிக்கு ஓடும் தண்ணீர் என்றால் வாய்க்கால்தான் மனசில் வரும். வாய்க்காலில் கை கழுவச் சொல்வது கையேட்டின் நோக்கத்துக்கே எதிரானது. ‘குழாயைத் திறந்து, விழும் தண்ணீரில் கையைக் காட்டிக் கழுவுங்கள்’ என்று மாற்றினேன். நீளமாகிவிட்டது, ஆனால் பாட்டி சரியாகக் கழுவுவார்.

தண்ணீர் என்று வந்துவிட்டாலே தமிழுக்கு ஒரே வினை போதாது. ஒழுகும், வழியும், வடியும், கசியும், சொட்டும், பாயும், பெருகும், கொட்டும். கூரை ஒழுகும், ஆனால் கண்ணீர் வழியும். வெள்ளம் வடியும், பானை கசியும், வயலுக்குத் தண்ணீர் பாயும். ஆங்கில எழுத்தாளர் ‘டியர்ஸ் ரான் டவுன் ஹர் ஃபேஸ்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடுவார். கண்ணீர் ஓடியதா, வழிந்ததா, பெருகியதா, கொட்டியதா என்று மொழிபெயர்ப்பவர்தான் அந்தப் பெண்ணின் துக்கத்தை அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். இந்தத் தேர்வில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். துணி துவைக்கும்போது ‘த கலர் ரான்’ என்றால் சாயம் போய்விட்டது. இங்கேயும் நம் வினை ‘போ’.

அந்த ‘போ’வை விட்டுவிடாதீர்கள். உங்கள் முதல் ‘ரன்’னுக்குச் சாவி அதில்தான் இருக்கிறது. ரன் ட்ரை, ரன் லோ, ரன் ஷார்ட், ரன் வைல்ட், ரன் லேட். இவற்றில் எதுவும் நகரவே இல்லை. ஒரு நிலையிலிருந்து, பெரும்பாலும் கெட்ட பக்கமாக, இன்னொரு நிலைக்குச் சாய்கிறது. கிணறு வற்றிப்போச்சு, பெட்ரோல் தீர்ந்துபோச்சு, நேரமாயிடுச்சு. தமிழில் ஒரு வினைக்குப் பின்னால் ‘போ’ வந்தால் என்ன நடக்கிறதோ, ஆங்கிலத்தில் ‘ரன்’னுக்குப் பின்னால் இப்படி ஒரு குணச்சொல் வந்தால் அதுதான் நடக்கிறது. ‘வி ஆர் ரன்னிங் லேட்’ என்றால் ‘ஏற்கனவே லேட்டாகிக்கிட்டு இருக்கு’. ‘ரன் அவுட் ஆஃப்’ என்றாலும் இதே கதைதான்: ‘வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் பால் தீரப்போகிறது.

ரன் அவுட் என்றதும் உங்களுக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வந்திருக்கும். அதையும் சொல்லாமல் எப்படி விடுவது? மட்டையாளர்கள் இருவரும் 22 கஜ ஆடுகளத்தில் எதிரெதிராக ஓடி இடம் மாறினால் ஒரு ரன். ஓட்டம் என்று நேராகவே தமிழாக்கலாம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘ஓட்டங்கள்’ என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும், படிக்கும்போது ஆடுகளத்தில் ஆள் ஓடுவது கண்ணில் தெரியும். தமிழ்நாட்டில் ‘ரன்’னே நிலைத்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பந்து எல்லைக் கோட்டைத் தொட்டால் நான்கு ரன், தாண்டி விழுந்தால் ஆறு ரன். அந்த நான்கையும் ஆறையும் யாரும் ஓடவில்லை. செயலுக்கு வைத்த பெயர் கணக்குக்குப் போய் ஒட்டிக்கொண்டது. செயல் கழன்று விழுந்தபிறகும் பெயர் நின்றுவிட்டது. காயம்பட்டவருக்காக ஓடும் வேறொருவரை ‘ரன்னர்’ என்றார்கள். சர்வதேச ஆட்டங்களில் 2011-ல் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். பந்து வீசுபவர் ஓடி வரும் தூரம் ‘ரன்-அப்’. ஒரே மைதானத்துக்குள் ஒரே சொல் எத்தனை வேலை பார்க்கிறது!

ரன்னர் என்ற சொல்லே தனியாக நிறையச் சுற்றியிருக்கிறது. மண்ணில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் வல்லாரையின் தண்டை ஆங்கிலத் தாவரவியலில் ‘ரன்னர்’ என்கிறார்கள். நம் பாடப்புத்தகத்தில் அது ‘ஓடுதண்டு’. இப்படி அளவெடுத்துத் தைத்தது போன்ற கலைச்சொல் அபூர்வமாகத்தான் அமையும். வார்ப்பாலையில் உருக்கிய உலோகம் அச்சுக்குள் போகும் வாய்க்காலும் ரன்னர்தான். அங்கே வேலை செய்கிறவர்கள் அதை ரன்னர் என்றே சொல்கிறார்கள், மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. ஓடையும் ஓடுதண்டும் உலோக வாய்க்காலும் ஒரே உருவம் என்று பார்த்துவிட்டீர்கள் என்றால், புதிதாக ஒரு துறையில் இந்தச் சொல் வந்தாலும் ஊகித்துவிடலாம்.

வங்கியில் வரும் ‘ரன்’ வேறு. ஒரு வங்கி மூழ்கப்போகிறது என்ற பயம் பரவி, பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்க ஓடுவது ‘பேங்க் ரன்’. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு வெளியே இப்படித்தான் மக்கள் வரிசையில் நின்றார்கள். எந்த வங்கியும் போட்ட பணம் முழுவதையும் பெட்டியில் வைத்திருப்பதில்லை, பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். அதனால் எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல வங்கிகூடக் கவிழ்ந்துவிடும். தமிழில் இதற்கு ஒரே சொல் இன்னும் நிலைக்கவில்லை. நான் ‘பணம் எடுக்க முண்டியடிப்பது’ என்று விரித்துத்தான் எழுதுகிறேன்.

இப்போது உங்கள் நடு ‘ரன்’: ‘ரன் இட் பை தி கிளையன்ட்’. இதுதான் உண்மையிலேயே கற்க வேண்டிய வகை. ரன்னுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் வந்து பொருளையே திருப்பிவிடும். அந்த இரண்டையும் சேர்த்து ஒரே வினையாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரன் சம்திங் பை சம்படி’ என்றால் ஒருவரிடம் சொல்லி அவர் என்ன நினைக்கிறார் என்று பார்ப்பது. நம் பாட்டிகள் ‘எதுக்கும் உங்க மாமா காதுல ஒரு வார்த்தை போட்டு வை’ என்பார்களே, அதேதான். ‘ரன் த்ரூ’ என்றால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரு முறை பார்ப்பது. ‘மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துடலாம்’ என்று நீங்களே சொல்வீர்கள். ‘ரன் இன்டு’ இரண்டு மாதிரி: பழைய நண்பரை ரன் இன்டு பண்ணினால் வழியில் எதிர்ப்பட்டார் என்று சந்தோஷப்படலாம், சுவரை ரன் இன்டு பண்ணினால் மோதிவிட்டீர்கள். ‘ரன் ஓவர்’ என்பதில் மிகவும் கவனம் வேண்டும். கூட்டம் ரன் ஓவர் ஆனால் நேரம் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். ஒரு மனிதரை வண்டி ரன் ஓவர் பண்ணினால் அவர்மேல் ஏறிவிட்டது. ‘ரன் அப்’ என்றால் கடன் ஏற்றிக்கொள்வது, ‘ரன் டவுன்’ என்றால் ஒருவரை மட்டம்தட்டிப் பேசுவது. அதையே ‘ஹி இஸ் ரன் டவுன்’ என்று சொன்னால் உடம்பு தளர்ந்து துவண்டிருக்கிறார் என்று பொருள். ‘ரன்ஸ் இன் த ஃபேமிலி’ என்றால் பரம்பரையாக வருவது. சர்க்கரை வியாதிக்கும் சொல்லலாம், நல்ல குரலுக்கும் சொல்லலாம்.

ஆங்கிலம் ஏன் இப்படி ஒரு சொல்லைப் போட்டுத் தேய்க்கிறது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சென்னைக்குத் தமிழ் கற்க வந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்குச் சில வாரம் உதவினேன். ‘அடி’ என்றால் கையால் தாக்குவது என்று படித்திருந்தார். ஒரே வாரத்தில் அவர் குறித்துக்கொண்டு வந்தவை: மணி அடிச்சுது, வெயில் அடிக்குது, பெயின்ட் அடிக்கணும், காப்பி அடிச்சான், மொட்டை அடிச்சாங்க, டைப் அடி, போர் அடிக்குது, லாட்டரி அடிச்சுது, ரோஜா வாசம் அடிக்குது. “வாசம் எப்படி அடிக்கும்?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சட்டென்று வந்து மேலே படுகிற எதையும் நாங்கள் ‘அடிக்குது’ என்போம் என்று சொன்னேன். அவர் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். அடுத்த நாள் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது என்று அவராகவே சொன்னார். அந்த வாக்கியத்தை நாங்கள் ஒரு நாளும் படிக்கவில்லை.

நீங்களும் அப்படியே ஒரு நோட்டு வையுங்கள். ‘ரன்’ கண்ணில் பட்டால் சொல்லை மட்டும் எழுதாமல் முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் அதற்கு என்ன வினை வரும் என்று போடுங்கள்: ஓடு, ஓட்டு, நடத்து, நில், விடு, வழி, போ. முதல் பக்கத்தில் மேலாளரின் மின்னஞ்சலையே வைத்துக்கொள்ளலாம். “ஏற்கனவே லேட்டாயிடுச்சு. கிளையன்ட் காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு அப்புறம் ரன் பண்ணு.”